ஆன்லைனில் வாங்கிய பொருள் பழுது: ரீஃபண்ட் கைக்கு வந்து சேர என்ன செய்யணும்?

ரசீதுப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

ஒரே கேள்வி வேறு வேறு பொருளோடு இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டு வைக்கலாம் என்று தொடங்குகிறேன். தெரிந்தவர்கள் திருத்துங்கள், விட்டதைச் சேருங்கள்.

பழுதான பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று கெடு ஒரே சமயத்தில் ஓடுகிறது. ஒன்று, விற்ற தளத்தின் ரிட்டர்ன் கெடு. பொருளைப் பொறுத்து 7 நாளாக இருக்கும், 10, 14, 30 ஆகவும் இருக்கும். அடுத்தது தயாரிப்பாளரின் வாரண்டி. மூன்றாவது, பணம் கட்டிய வழியில் முறையிடும் கெடு, அதாவது கார்டு என்றால் வங்கியில். பெரும்பாலானோர் வாரண்டியை மட்டும் பார்த்து, "அதுதான் ஒரு வருஷம் இருக்கே" என்று முதல் கெடுவைத் தாண்ட விட்டுவிடுகிறார்கள். வாரண்டியில் பெரும்பாலும் கிடைப்பது ரிப்பேர். பணம் சுலபமாகத் திரும்புவது ரிட்டர்ன் கெடுவுக்குள்தான். அதனால் யாருக்கோ பரிசாகக் கொடுக்க வாங்கி வைத்த பொருளாக இருந்தாலும், வந்த அன்றே பிரித்து ஓடவிட்டுப் பாருங்கள்.

கெடு எண்ணப்படுவது டெலிவரி ஆன நாளிலிருந்து. பக்கத்து வீட்டில் வாங்கி வைத்து நான்கு நாள் கழித்து உங்களிடம் தந்தாலும் ட்ராக்கிங்கில் "டெலிவரி ஆனது" என்று காட்டும் தேதிதான் கணக்கு. ஒரே ஆர்டர் இரண்டு பார்சலாக வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு ஓடலாம். ஆர்டர் பக்கத்தில் கடைசித் தேதி போட்டிருப்பார்கள். அதை அன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்ததும் பல தளங்களில் ரிட்டர்ன் பட்டனோடு அந்தத் தேதியும் மறைந்துவிடும்.

அடுத்தது, ரிட்டர்ன் போடும்போது தேர்ந்தெடுக்கும் காரணம். இதில்தான் நிறைய பேர் பணத்தை இழக்கிறார்கள். "பிடிக்கவில்லை", "இனி தேவையில்லை" என்று தேர்ந்தால் பிக்கப் சீக்கிரம் வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அப்படித் தேர்ந்த நிமிடமே நீங்கள் மனம் மாறியவர் ஆகிவிடுகிறீர்கள். திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழும், டெலிவரிக் கட்டணம் திரும்பாது, சிலர் "பிரித்த பொருள்" என்று ஒரு தொகையும் பிடிப்பார்கள். பிறகு வங்கிக்குப் போனாலும் விற்றவர் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டுவார். பழுது என்றால் பழுது என்றே தேர்ந்தெடுங்கள்.

---

வோல்ட்மீட்டர்

காரணத்தைப் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அதுக்குக் கீழே விவரம் எழுதற பெட்டி ஒண்ணு இருக்கும். அதுல "வேலை செய்யலை", "மோசமான பொருள்"னு எழுதினா படிக்கறவருக்கு எதுவும் புரியாது. என்ன செஞ்சீங்க, என்ன நடந்திருக்கணும், என்ன நடந்துச்சு, எத்தனை தடவை. இந்த நாலும் இருந்தா போதும். பழுதுக்குக் காரணம் என்னன்னு நீங்க ஊகிச்சு எழுதாதீங்க. "மதர்போர்டு போயிடுச்சு"ன்னு எழுதி, அங்கே சோதிச்சப்போ பேட்டரிதான் பழுதுன்னு தெரிஞ்சா, "நீங்க சொன்ன பழுது இல்லை"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க.

எழுதறதுக்கு முன்னாடி, பழுது பொருள்லதானா, சுத்தி இருக்கறதுலயான்னு பிரிச்சுப் பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்தணும். சார்ஜ் ஏறலைன்னா முதல்ல கேபிளை மாத்துங்க, அப்புறம் அடாப்டர், அப்புறம் பிளக் பாயிண்ட். மூணையும் ஒண்ணா மாத்திட்டு "இப்பவும் ஏறலை"ன்னா பரவாயில்லை. ஆனா ஏறிடுச்சுன்னா எது பழுதுன்னே தெரியாது. கூட வந்த கேபிள்தான் பழுதுன்னா முழுப் பொருளையும் திருப்பாம அதை மட்டும் கேட்டு வாங்கிடலாம்.

பழுதே இல்லாததைப் பழுதுன்னு நினைக்கறதும் நிறைய நடக்குது. 1 டிபி டிஸ்க் வாங்கினா விண்டோஸ்ல 931 ஜிபின்னு காட்டும். 512 ஜிபி வாங்கினா 476ன்னு காட்டும். அது ஏமாத்து இல்லை. தயாரிக்கறவர் ஆயிரத்தால பெருக்கறார், விண்டோஸ் 1024ஆல வகுக்குது. பவர்பேங்கும் இதே கதைதான். மேல 20,000 எம்ஏஎச்னு இருக்கறது உள்ளே இருக்கற 3.7 வோல்ட் செல்லோட அளவு, அதாவது 74 வாட் அவர். அதையே 5 வோல்ட்ல வெளியே எடுத்தா 14,800தான் வரும். மாத்தும்போது வீணாகறதையும் கழிச்சா 12,500ல இருந்து 13,300 வரைக்கும் கிடைச்சா நல்ல பொருள். அட்டையில சின்ன எழுத்துல "ரேட்டட் கெபாசிட்டி"ன்னு தனியா ஒரு எண் போட்டிருப்பாங்க. யூஎஸ்பி மீட்டர் வெச்சு அளந்து, அந்த எண்ணுக்குக் கீழே எவ்வளவு குறையுதுன்னு காட்டுங்க. 20,000ஐ வெச்சு வாதாடினா தோத்துடுவீங்க.

நிஜமான ஏமாத்து இருக்கற இடம் மெமரி கார்டும் பென் டிரைவும். 512 ஜிபின்னு காட்டும், ஆனா உள்ளே இருக்கற சிப் 32தான். 32 வரைக்கும் ஒழுங்கா எழுதும். அதுக்கு மேல எழுதறது பழசை அழிச்சுடும், இல்லைன்னா காணாமப் போயிடும். அதனால காலியா இருக்கறப்போ பார்த்தா தெரியாது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 மாதிரி இலவச மென்பொருள் ரெண்டு இருக்கு. கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படிச்சு, எவ்வளவு சரி, எவ்வளவு தொலைஞ்சதுன்னு சொல்லும். பெரிய கார்டுன்னா பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். கடைசியா வர்ற அறிக்கையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இணைச்சா அதுக்கு மேல விற்றவர் பேச ஒண்ணும் இருக்காது.

---

கேள்விக்குறி

புதுசுன்னு விற்று உள்ளே பழைய பொருளை வெச்சிருந்தா எப்படிக் காட்டுறது? பார்க்கப் பளபளன்னு இருந்தா?

---

வோல்ட்மீட்டர்

பொருளே தன் வயசைச் சொல்லும். ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டின்னா ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பத்தித் தானே குறிச்சு வெச்சிருக்கறதைப் படிக்கற மென்பொருள்ல "பவர் ஆன் அவர்ஸ்"னு ஒரு வரி இருக்கும். புது டிஸ்க்ல அது பூஜ்யம், இல்லைன்னா ஒண்ணு ரெண்டு மணி நேரம். ஆயிரக்கணக்குல இருந்தா பேச்சே வேண்டாம். அதே பட்டியல்ல "ரீஅலொகேட்டட் செக்டர்" (கெட்டுப்போனதால மாத்தின இடம்), "பெண்டிங் செக்டர்" (கெட்டிருக்கலாம்னு சந்தேகப்படற இடம்) ரெண்டும் பூஜ்யமா இருக்கணும். லேப்டாப்ல பேட்டரி அறிக்கை எடுங்க. எத்தனை தடவை சார்ஜ் சுற்று ஓடியிருக்கு, முதல்ல எவ்வளவு கொள்ளளவு, இப்போ எவ்வளவுன்னு வரும். போன்ல *#06# அடிச்சா வர்ற ஐஎம்இஐயும் (ஒவ்வொரு போனுக்கும் இருக்கற தனி அடையாள எண்), அட்டைப்பெட்டில இருக்கறதும், பில்லுல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும். தயாரிப்பாளரோட வாரண்டிப் பக்கத்துல சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்க. வாரண்டி உங்க ஆர்டர் தேதிக்கு மாசக்கணக்கா முன்னாடியே தொடங்கியிருந்தா, அதுக்கு விளக்கம் கேட்கணும்.

இதையெல்லாம் முதல் நாளே எடுத்து வைக்கணும். மூணு வாரம் ஓடின டிஸ்க்ல அந்த மணிக்கணக்கு உங்களோடதுன்னு சொல்லிடுவாங்க.

---

பார்சல்கட்டு

பிரிக்கற இடத்துக்கு வர்றேன். வீடியோ எடுக்கறவங்க பெரும்பாலும் பொருளைத்தான் எடுக்கறாங்க, பெட்டியை எடுக்கறதில்ல. வெளி அட்டையோட ஆறு பக்கமும், நசுங்கின மூலையும், ஒட்டின டேப்பும் தெரியணும். எல்லாத்தையும் விட முக்கியமா லேபிள் தெரியணும். பல லேபிள்ல எடை அச்சடிச்சிருக்கும். செங்கல்லோ சோப்போ வந்தா, பெட்டி காலியா வந்தா, அந்த எடைதான் உங்க சாட்சி. வந்த பெட்டியை அப்படியே சமையலறைத் தராசிலோ குளியலறைத் தராசிலோ வெச்சு, எண் தெரியற மாதிரி ஒரு போட்டோ. தயாரிப்பாளர் பக்கத்துல பொருளோட எடை போட்டிருக்கும். லேபிள்ல 400 கிராம், பொருள் மட்டுமே 1.8 கிலோன்னா, பெட்டி கிளம்பும்போதே பொருள் உள்ளே இல்லை. ஆனா லேபிள்ல 2 கிலோன்னு இருந்து உங்க கைக்கு வந்தது 400 கிராம்னா, வழியில எடுத்திருக்காங்க. ரெண்டும் வேற வேற புகார். ரெண்டுலயும் பதில் சொல்ல வேண்டியது உங்ககிட்ட பணம் வாங்கினவர்தான். கூரியர்கிட்ட போங்கன்னு சொன்னா ஏத்துக்காதீங்க.

வீடியோவை நடுவுல நிறுத்தாம எடுங்க. வெட்டி ஒட்டின வீடியோன்னு சொன்னா அப்புறம் பேச்சு அதைச் சுத்தியே போகும்.

---

கார்டுகணக்கு

பார்சல்கட்டு சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் "அன்பாக்சிங் வீடியோ இல்லையென்றால் ரீஃபண்ட் கிடையாது" என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி யாரும் விட்டுவிடக் கூடாது. வீடியோ நிரூபிப்பது ஒன்றைத்தான்: பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை. உடைந்து வந்தது, மாறி வந்தது, காலியாக வந்தது, இந்த மூன்றுக்கும் அது தேவை. இரண்டாம் நாள் திரையில் கோடு விழுந்தால் பெட்டி பிரித்த வீடியோவால் எந்தப் பயனும் இல்லை. அங்கே தேவை கோடு தெரியும் வீடியோ, சீரியல் நம்பர் தெரியும் படம், இரண்டும் ஒரே ஓட்டத்தில். சீரியல் நம்பரில் தொடங்கி, வெட்டாமல் திரைக்குத் திருப்புங்கள். வேறொரு பொருளைக் காட்டிவிட்டார் என்று சொல்ல வழியே இருக்காது.

---

கேள்விக்குறி

மூணு நாளைக்கு ஒரு தடவை மட்டும் வர்ற பழுதுன்னா? பிக்கப் வர்ற ஆள் முன்னாடி நல்லா வேலை செய்யும்.

---

வோல்ட்மீட்டர்

அதுதான் ரொம்பக் கஷ்டமான வகை. அங்கே சோதிச்சு "பழுது எதுவும் இல்லை"ன்னு எழுதித் திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால ஒரு தாள்ல தேதி, மணி, எவ்வளவு நேரம் ஓடினப்புறம் வந்தது, கூட என்ன ஓடிட்டிருந்தது, எப்படிச் சரியாச்சுன்னு குறிச்சுட்டே வாங்க. நாலஞ்சு குறிப்பு சேர்ந்தா அதுல ஒரு ஒழுங்கு தெரியும். "40 நிமிஷம் சூடானப்புறம் மட்டும் வைஃபை அறுந்து போகுது"ன்னு எழுதினா சோதிக்கறவர் 40 நிமிஷம் ஓடவிடுவார். "சில சமயம் நெட் வரலை"ன்னு எழுதினா அஞ்சு நிமிஷத்துல சோதிச்சு முடிச்சுடுவார். வீடியோல பின்னாடி கடிகாரமோ இன்னொரு போனோ தெரியட்டும். ரிட்டர்ன் கெடு முடியப் போகுதுன்னா ஒழுங்கு தெரியற வரைக்கும் காத்திருக்காதீங்க; புகாரை முதல்ல பதிவு பண்ணிட்டு குறிப்பை அப்புறம் சேருங்க.

திறந்து மட்டும் பார்க்காதீங்க. ஸ்க்ரூல கீறல், கிழிஞ்ச ஸ்டிக்கர் தெரிஞ்சாலே உங்க பக்கம் பலவீனமாயிடும். ஈரம் பட்டா சிவக்கற சின்னப் பட்டை பல கருவிகளுக்குள்ள இருக்கு. சார்ஜ் போடற ஓட்டைக்குள்ளயோ சிம் டிரேக்குள்ளயோ டார்ச் அடிச்சுப் பார்த்தா சிலதுல தெரியும். வந்த அன்னைக்கே வெள்ளையா இருக்கறதைப் படம் எடுத்து வெச்சுக்கறது நல்லது.

---

ரசீதுப்பெட்டி

கடிதம் எப்படி எழுதுவது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். நீளமாக வேண்டாம். இந்த அளவு போதும்:

"ஆர்டர் எண் ______. டெலிவரி ஆன நாள் ______. இந்த ஹெட்ஃபோனில் இடது பக்கம் ஒலி வரவில்லை. இரண்டு போனிலும் ஒரு லேப்டாப்பிலும், ப்ளூடூத் வழியாகவும் கேபிள் வழியாகவும் சோதித்தேன். எல்லாவற்றிலும் இதே நிலை. சீரியல் நம்பர் தெரியும் வீடியோவை இணைத்துள்ளேன். பொருள் பழுதாக வந்திருப்பதால் டெலிவரிக் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் பணம் கட்டிய அதே கார்டுக்குத் திருப்பித் தரவும். பொருளை எடுத்துச் செல்லும் ஏற்பாட்டை உங்கள் செலவில் செய்யவும். ______ தேதிக்குள் எழுத்தில் பதில் தேவை."

கோபத்துக்கு இதில் இடமே வேண்டாம். இந்தக் கடிதத்தை நாளைக்கு வங்கியில் ஒருவர் படிக்கலாம், அதற்கு மேல் ஒரு நீதிமன்றத்தில் படிக்கலாம் என்று நினைத்து எழுதுங்கள். தேதிக்கு 7 நாளோ 14 நாளோ கொடுங்கள். "உடனே" என்று எழுதினால் எப்போது கெடு தாண்டியது என்று யாராலும் சொல்ல முடியாது.

கஸ்டமர் கேரில் பேசினால் பேசி முடித்த கையோடு "இன்று மாலை பேசியபடி, 5 நாளில் பணம் வரும் என்று சொன்னீர்கள், டிக்கெட் எண் இது" என்று ஒரு மெயில் போடுங்கள். அவர்கள் மறுக்கவில்லை என்றால் அதுவே ஆவணம். சாட் என்றால் ஜன்னலை மூடும் முன் முழுவதையும் சேமியுங்கள். மூடியபின் பல தளங்களில் அது திரும்பக் கிடைக்காது.

---

பார்சல்கட்டு

ஒண்ணு விட்டுப்போச்சு. சில விற்பனையாளர் "தளத்துல போட்ட புகாரை மூடிடுங்க, நான் நேரா பணம் அனுப்பறேன்"னு தனியா வேற செயலியில பேசக் கூப்பிடுவாங்க. போகாதீங்க. மூடின புகாரைத் திரும்பத் திறக்க முடியாத தளங்கள் உண்டு. தளத்துக்கு வெளியே பேசினதை அவங்க கணக்குல எடுத்துக்கவும் மாட்டாங்க. பணம் கணக்குல வந்தப்புறம் மூடலாம், அதுக்கு முன்னாடி இல்லை.

இன்னொண்ணு, 15 சதவீதம் தர்றேன், பொருளை வெச்சுக்கங்கன்னு ஆரம்பிச்சு, மறுத்தா 25, அப்புறம் 40ன்னு ஏத்துவாங்க. ஒவ்வொரு பேரத்துக்கும் ரெண்டு நாள் எடுத்துக்குவாங்க, உங்க கெடு ஓடிட்டே இருக்கும். பழுது சின்னதா இருந்து நீங்களே மனசார ஏத்துக்கற தொகைன்னா சரி. இல்லைன்னா ஒரே பதில்: "முழு ரீஃபண்ட் வேணும், பொருளைத் திருப்பத் தயார்." "திருப்பத் தயார்"ங்கற சொல்லு எழுத்துல இருக்கணும்.

---

கார்டுகணக்கு

அந்தச் சொல் ஏன் முக்கியம் என்பதற்கு வருகிறேன். கார்டில் கட்டியிருந்தால், விற்றவர் மறுத்தபின் உங்களுக்கு கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து வங்கி வழியாகத் திரும்பப் பெறக் கேட்கலாம். பழுதான பொருள், சொன்னதற்கு மாறான பொருள் என்பதற்கு விசாவில் 13.3 என்ற காரண எண், மாஸ்டர்கார்டில் 4853. கெடு பொதுவாக 120 நாள். இந்த வகையில் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். இது கார்டு நிறுவனம் வங்கிக்கு வைத்திருக்கும் கெடு. உங்கள் வங்கி இதைவிடக் குறைத்துக் கேட்கலாம், ஆகவே 119ஆம் நாள் வரை வைத்திருக்காதீர்கள்.

வங்கி இரண்டைப் பார்க்கும். விற்றவரிடம் முதலில் தீர்க்க முயன்றீர்களா? பொருளைத் திருப்பினீர்களா, அல்லது திருப்ப முன்வந்தீர்களா? இரண்டுக்கும் எழுத்துச் சான்று இல்லாமல் போனால் முதல் சுற்றிலேயே நின்றுவிடும். திருப்பி அனுப்பியிருந்தால், விற்றவர் பணம் தருகிறாரா என்று பார்க்க 15 நாள் பொறுக்கச் சொல்வதும் வழக்கம்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. வங்கியின் செயலியில் "இந்தப் பரிவர்த்தனை நான் செய்யவில்லை" என்ற பட்டன்தான் கண்ணில் படும்படி இருக்கும். அதை அழுத்தாதீர்கள். அது மோசடிப் புகார். கார்டை முடக்குவார்கள், டெலிவரி ஆனதைக் காட்டி விற்றவர் ஒரே நாளில் உடைத்துவிடுவார், நீங்கள் உண்மைக்கு மாறாகச் சொன்னதாகவும் பதிவாகும். "பரிவர்த்தனை நான் செய்ததுதான், வந்த பொருள் பழுது" என்பதே உங்கள் நிலை. விற்றவர் டெலிவரிச் சான்றைக் கொடுத்துப் பதில் போட்டால் பயப்பட வேண்டாம். "டெலிவரி ஆனதை நான் மறுக்கவில்லை, பொருளின் நிலையைத்தான் கேட்கிறேன்" என்று ஒரு வரியில் பதில் கொடுத்து, பழுதின் வீடியோவைத் திரும்ப இணையுங்கள்.

பேபாலில் கட்டியிருந்தால் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தாவா தொடங்கலாம். தொடங்கியபின் 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டமான க்ளெய்மாக உயர்த்த வேண்டும், இல்லையென்றால் தானாக மூடிவிடும். விற்றவர் "இதோ பார்க்கிறேன்" என்று இழுப்பது இந்த 20 நாளைக் குறிவைத்துத்தான். நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் கட்டியவர்களுக்கு இந்த வழி எதுவும் கிடையாது, சட்டம் மட்டும்தான்.

சார்ஜ்பேக் போட்டால் அந்தத் தளம் உங்கள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. அதே கணக்கில் வாலட் பாக்கியோ டிஜிட்டல் புத்தகங்களோ இருந்தால் அதையும் யோசித்து முடிவெடுங்கள். தளத்தின் உள்வழி எல்லாம் முடிந்தபின் போட வேண்டியது இது.

---

சட்டப்பக்கம்

வெவ்வேறு நாட்டிலிருந்து படிக்கிறீர்கள் என்பதால் சுருக்கமாக. தளம் எழுதி வைத்திருக்கும் 7 நாள், 10 நாள் விதி சட்டத்துக்கு மேல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளில் திருப்பலாம். அது வேறு, பழுது வேறு. பழுதுக்கு விற்றவரின் பொறுப்பு குறைந்தது 2 ஆண்டு. முதல் ஆண்டுக்குள் வெளிப்படும் பழுது ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. ஆனால் அங்கே பொதுவாக முதலில் ரிப்பேர் அல்லது மாற்றுப் பொருள், அது நடக்காதபோதுதான் பணம். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணம் கேட்கலாம். அதன்பின் விற்றவருக்கு ஒருமுறை சரிசெய்ய வாய்ப்பு. ஆஸ்திரேலியாவில் பெரிய பழுது என்றால் பணமா மாற்றுப் பொருளா என்பதை வாங்கியவர் முடிவு செய்யலாம். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்றவர் மறுக்கக் கூடாது என்கின்றன. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் சட்டத்தில் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டாம்.

"தயாரிப்பாளரிடம் போங்கள்" என்பது விற்றவர்களின் பழைய பதில். வாரண்டி கூடுதல் வசதிதான். அது விற்றவரின் பொறுப்பை எடுத்துவிடாது.

---

கேள்விக்குறி

மாத்துப் பொருள் தர்றேன்னா வாங்கிக்கலாமா, பணம்தான் கேட்கணுமா?

---

ரசீதுப்பெட்டி

அந்த ஒரு பொருளில் மட்டும் பழுது என்று தோன்றினால் மாற்றுப் பொருள் நல்லது. இடையில் விலை ஏறியிருந்தால் லாபமும்கூட. விமர்சனங்களில் பலர் அதே பழுதைச் சொல்லியிருந்தால் மாற்றும் அதே தொகுப்பிலிருந்துதான் வரும், பணமே கேளுங்கள். மாற்றை ஏற்கும் முன் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: ரிட்டர்ன் கெடு புதிதாகத் தொடங்குமா? பல இடங்களில் மாற்றுப் பொருளைத் திரும்ப ரீஃபண்டுக்குப் போட வழியே இருக்காது. புதுப்பிக்கப்பட்ட பழைய பொருளையா தருகிறார்கள் என்றும் கேளுங்கள்.

---

பார்சல்கட்டு

திருப்பி அனுப்பறதுல கவனமா இருங்க. போன்னா முதல்ல கணக்கை வெளியேத்தணும். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ்ல இருக்கற கூகுள் கணக்கை நீக்கிட்டு அப்புறம் ரீசெட். ஐபோன்ல "ஃபைண்ட் மை" அணைச்சு வெளியேறிட்டு ரீசெட். இதைச் செய்யாம அனுப்பினா பூட்டின போன்னு ரீஃபண்டை நிறுத்திடுவாங்க. திரையே வரலைன்னா வேற கருவியில உங்க கணக்குக்குள்ள போய் அந்தப் போனை அழிச்சு, பட்டியல்லேருந்து நீக்குங்க. சிம், மெமரி கார்டு ரெண்டையும் எடுத்துடுங்க.

பெட்டியில ஒவ்வொரு பக்கமும் அஞ்சு சென்டிமீட்டராவது மெத்தை இருக்கட்டும். மூடின பெட்டியைக் குலுக்கினா உள்ளே நகரக் கூடாது. பழைய பார்கோடு லேபிளைக் கிழிச்சுடுங்க, இல்லைன்னா மெஷின் அதைப் படிச்சு உங்க வீட்டுக்கே திருப்பி அனுப்பிடும். சார்ஜர், கையேடு, இலவசமா வந்த உறை எல்லாமே உள்ளே போகணும். பரப்பி வெச்சு ஒரே படமா எடுங்க. உள்ளே ஒரு சீட்டு: ஆர்டர் எண், ரிட்டர்ன் எண், பழுது ஒரு வரியில. மேலே இருக்கற லேபிள் கிழிஞ்சாலும் அந்தச் சீட்டு காப்பாத்தும். எடை போட்டுப் படம். எடுக்க வர்றவர் ஸ்கேன் பண்ணின தகவல் உங்களுக்கு வர்ற வரைக்கும் பெட்டியைக் கையில கொடுக்காதீங்க.

---

வோல்ட்மீட்டர்

பேட்டரி உப்பின பொருளை மட்டும் இப்படிக் கட்டாதீங்க. பின்மூடி எழும்பியிருந்தா, திரை ஓரத்துல தூக்கியிருந்தா, சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, குத்தாதீங்க. எரியற சாமான் இல்லாத இடத்துல வைங்க. பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்துல ஏத்தவே கூடாது. சாதாரண பிக்கப்ல எதுல போகும்னு உங்களுக்குத் தெரியாது. பக்கத்துல ஸ்கேல் வெச்சு உப்பலைப் படம் எடுத்து, "பேட்டரி உப்பியிருக்கிறது, தரைவழியில் பாதுகாப்பாக எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யவும்"னு எழுத்துல கேளுங்க. இதை மறைச்சு அனுப்பினா வழியில தீப்பிடிக்கலாம். பல விற்பனையாளர் பொருளைக் கேட்காமலே பணத்தைத் தந்துடுவாங்க. அப்போ அதைக் குப்பையில போடாம மின்கழிவு வாங்கற இடத்துல கொடுங்க.

---

நெறியாளர்

ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுபொறியில் தேடி எடுக்காதீர்கள், ஆர்டர் பக்கத்தில் உள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள். ரீஃபண்ட் வாங்க ஓடிபி, பின் எண், க்யூஆர் ஸ்கேன், திரையைப் பகிரும் செயலி எதுவும் தேவையில்லை. கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

---

கேள்விக்குறி

"ரீஃபண்ட் அனுப்பியாச்சு"ன்னு தளம் சொல்லுது, கணக்குல வரலைன்னா?

---

கார்டுகணக்கு

ஏஆர்என் எண்ணை, அதாவது அந்த ரீஃபண்டை வங்கிகள் அடையாளம் காணும் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். கார்டு ரீஃபண்ட் ஒவ்வொன்றுக்கும் 23 இலக்கத்தில் ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியால் பார்க்க முடியும். அந்த எண் இல்லையென்றால் பணம் இன்னும் கிளம்பவே இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். கிளம்பியபின் 5 முதல் 10 வேலை நாள் ஆகும். ஒரு விதிவிலக்கு: ஆர்டர் ஓரிரு நாளில் ரத்தாகியிருந்தால் ரீஃபண்ட் என்று தனி வரி வராது, முதலில் பிடித்த வரியே மறைந்துவிடும். அறிக்கையில் வரவை மட்டும் தேடுபவர்களுக்கு அது தெரியாது.

தொகை குறைந்திருந்தால் கூப்பன், பாயிண்ட், வாலட், கார்டு என்று எதில் எவ்வளவு கட்டினீர்களோ அதே பங்கில் பிரிந்து போயிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியிருந்தால் திருப்பிய நாளின் மாற்று விகிதம்தான். கூடவோ குறையவோ வரும். தவணையில் வாங்கியவர்கள் கட்டாயம் வங்கியைக் கேளுங்கள். பணம் கார்டுக்குத் திரும்பினாலும் தவணைக் கடன் தானாக மூடாமல் மாதாமாதம் வட்டியோடு ஓடிக்கொண்டிருக்கலாம். "இந்த ரீஃபண்டை வைத்துத் தவணையை மூடவும்" என்று எழுதிக் கொடுத்து, மூடிய தகவலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

பணம் வந்து, ஒரு கார்டு அறிக்கை முழுதாக முடியும் வரை வீடியோவையும் பிக்கப் ரசீதையும் அழிக்காதீர்கள். பொருள் வந்து சேரவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பிடிக்கும் தளங்களும் உண்டு. அப்போது காட்ட வேண்டியது அந்த ரசீதுதான்.